மூங்கில் நகரில் ஆறு வாரம்

கொல்கத்தாவில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார் கடற்காற்றை நாடிப் புறப்பட்டால் பூரிக்கோ திகாவுக்கோ போய்வருவது வழக்கம். அதே வங்கக் கடலின் கீழ்க்கரையில், வங்கதேசத்தின் தென்கோடியில், 120 கிலோமீட்டர் நீளத்துக்கு இடையறாத மணற்கரை ஒன்று உண்டு. நம்மிற் பலர் அதைக் கேள்வியுற்றிருக்கலாம், கண்டவர் சிலரே. அவ்வூரின் பெயர் காக்ஸ் பஜார்.

பெயரிலேயே ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. 1784-85இல் பர்மிய மன்னர் அரக்கான் நாட்டைக் கைப்பற்றிய பின்னர், அங்கிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் நாஃப் ஆற்றைக் கடந்து, கம்பெனியார் ஆட்சிக்குட்பட்ட சிட்டகாங் பகுதியில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களைக் குடியமர்த்தும் பொறுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஹிரம் காக்ஸ் என்னும் கேப்டனிடம் ஒப்படைத்தது. பணி முடியுமுன்பே, 1799இல், அவர் காலமானார். அவர் நினைவாக எழுந்த சந்தையே காக்ஸ் பஜார். அகதிகளின் குறை தீர்க்க வந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய அவ்வூருக்கு, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே ஆற்றைக் கடந்து மக்கள் அடைக்கலம் தேடி வருகின்றனர்.

தமிழர் நடந்த கரை

நமக்கும் இக்கரை முற்றிலும் அந்நியமானதன்று. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவிற் புகுந்தபோது, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களுள் தமிழர் பலர். புரோம் நகரிலிருந்து டௌங்கப் கணவாய் வழியாக அரக்கான் மலைத்தொடரைக் கடந்து, கடலோரமாக அக்யாப் சேர்ந்து, அங்கிருந்து படகிலும் கப்பலிலும் சிட்டகாங் வந்தோர் பல்லாயிரவர். வழியில் வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் இரையானோர் எண்ணற்றோர். இன்றும் நம் குடும்பங்கள் சிலவற்றில் “பர்மா நடை” என்ற சொல்லைக் கேட்டதும் முதியோர் சற்றே மௌனமாகி விடுவதுண்டு. அந்த நடையின் ஒரு கிளை முடிவுற்ற கரை இதுதான்.

இந்த நினைவே என்னை அங்கு செல்லத் தூண்டியது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. கொல்கத்தாவில் 31 ஆண்டுகள் மருந்தாளுநனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அகதி முகாமில் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு மருந்து வழங்கும் நிலையம் ஒன்றில், கணக்கையும் இருப்பையும் சீர்செய்து தர ஒருவர் வேண்டுமென ஒரு மருத்துவத் தொண்டு அமைப்பினர் கேட்டனர். நான் அறிந்த வேலை அஃது ஒன்றே. ஆகவே 2023 பிப்ரவரி நடுவில் புறப்பட்டு, மார்ச் இறுதி வரை ஆறு வாரம் அங்கே தங்கினேன்.

கொல்கத்தாவிலிருந்து டாக்காவுக்கும், டாக்காவிலிருந்து காக்ஸ் பஜாருக்கும் விமானத்திற் சென்றேன். அப்போது அவ்வூருக்கு ரயில் இல்லை; 2023 டிசம்பரில்தான் டாக்காவிலிருந்து நேரே ரயில் ஓடத் தொடங்கியது. ஊரிலிருந்து தெற்கே 80 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரைச் சாலை டெக்னாஃப் வரை செல்கிறது. வலப்புறம் கடல், இடப்புறம் பசுங்குன்றுகள், பிறைநிலவைப்போல் இருமுனையும் வளைந்துயர்ந்த மீன்படகுகள். அச்சாலையைப் பாதியில் விட்டுக் கிழக்கே திரும்பினால், குன்றுகளுக்கு அப்பால் தென்படுவது வேறோர் உலகம்.

மூங்கில் நகரம்

2017 ஆகஸ்ட் 25ஆம் நாளுக்குப் பின், மியான்மாரின் ராக்கைன் மாநிலத்தில் நிகழ்ந்த கொடுமைகளுக்கு அஞ்சி, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் சில மாதங்களுக்குள் இங்கு வந்து சேர்ந்தனர். 1978இலும் 1991-92இலும் வந்தவர்களின் எச்சமும் இங்கு உண்டு. உக்கியா, டெக்னாஃப் என்னும் இரு வட்டங்களிலுள்ள 33 முகாம்களில் இன்று பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவற்றுட் பெரியது குட்டுப்பாலோங் தொகுதி. ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டரில் ஆறு லட்சம் பேர்! கொல்கத்தா மாநகரின் நெருக்கத்தைப்போல் இஃது இருமடங்கு எனலாம். கொல்கத்தாவிலோ மாடிமேல் மாடி உண்டு. இங்கே எல்லாம் தரைமட்டக் குடில்கள்.

குடில்கள் மூங்கிலாலும் தார்ப்பாயாலும் ஆனவை. குன்றின் சரிவை வெட்டி, மணல் மூட்டைகளை அடுக்கிப் படிகள் அமைத்திருக்கிறார்கள். படிகள், பாலங்கள், மருந்து நிலையம், பள்ளி, தொழுமிடம் யாவும் மூங்கிலே. முகாமைச் சுற்றி முள்வேலி. வெளியே சென்று வேலை செய்ய அகதிகளுக்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. முன்னர் இக்குன்றுகள் காட்டு யானைகள் செல்லும் தடமாக இருந்தன. முகாம் எழுந்த முதற் சில மாதங்களில் வழிதவறி வந்த யானைகளால் பத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். பின்னர் முகாமின் இளைஞர்களே பரண் கட்டி, இரவிற் காவலிருந்து, யானை வந்தால் மக்களை விலக்கி, யானையையும் துன்புறுத்தாமல் திருப்பியனுப்பப் பழகினர். உதவி பெறுவோர் என்று நாம் எண்ணுகின்ற மக்கள், தம்மைத் தாமே காத்துக்கொள்வதில் எத்துணைத் திறமுடையவர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

வரிசையில் நில்லாத நோய்

அகதி முகாமில் மருத்துவத் தொண்டு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன காயங்களும், காலராவும், தட்டம்மையும், வாடிய குழந்தைகளுமே. அவை பொய்யல்ல, முதற் சில மாதங்களில் உயிரைக் கொள்ளை கொள்வன அவைதாம். ஆனால் முகாம் ஓராண்டு, ஈராண்டு என்று நீடிக்கும்போது வேறொரு வகை நோய் தலைதூக்குகிறது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, இருதய நோய் முதலியன ஆற்றைக் கடக்கும்போது கரையில் நின்றுவிடுவதில்லை. நோயாளியோடு சேர்ந்தே நடந்து வருகின்றன. ஓடிவருகையில் மருந்துச் சீட்டு தொலைந்துபோகிறது. உண்டுவந்த மாத்திரையின் பெயர் மறந்துபோகிறது. பழகிய வைத்தியர் ஒரு நாட்டிலும் நோயாளி மற்றொரு நாட்டிலுமாக ஆகிவிடுகின்றனர்.

புகுந்த இடத்து வாழ்வும் நோய்க்குத் துணைசெய்கிறது. உழுது, மீன்பிடித்து, நாளெல்லாம் உழைத்தவர் வேலையின்றிக் குடிலில் அமர்ந்திருக்கிறார். உணவில் மிகுதி அரிசிச் சோறு. சுவைக்கு உப்பிட்ட கருவாடு. வாயில் புகையிலை சேர்ந்த தாம்பூலம். உறக்கமின்மையும் கவலையும் தனி.

இந்நோய்களின் பெரும் வஞ்சகம் அவை வலிப்பதில்லை என்பதே. காய்ச்சல் கண்ட குழந்தையின் தாய் விடியுமுன் வந்து வரிசையில் நிற்பாள். இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கோ வந்து நிற்கக் காரணமே தெரியாது. ஒருநாள் கை, கால் விழுந்த பிறகே தெரியும். ஆகையால் நிவாரணப் பணிகளில் இவற்றுக்குரிய இடம் காலந்தாழ்ந்தே கிடைத்தது. நிவாரணத்துக்கு அளவுகோலாக உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்ஃபியர் கையேடு, தன் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்நோய்களைத் தனித்தலைப்பில் எடுத்துரைத்தது. உலக சுகாதார நிறுவனம், பதினாயிரம் மக்களுக்கு மூன்று மாதங்களுக்குப் போதுமான நெடுநோய் மருந்துகளை ஒரே தொகுப்பாகக் கட்டியனுப்பும் முறையை 2017இல் தொடங்கிற்று. இம்முகாம்களிலேயே 2023இல் நடந்த ஆய்வொன்று, வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் தொற்று இருப்பதைக் காட்டியது. அதுவும் பல்லாண்டு ஓசையின்றி உடலில் தங்கும் நோயே.

வீடு தேடிச் செல்லும் பெண்

நான் பணிபுரிந்த நிலையம் இரண்டு மூங்கில் அறைகள் கொண்டது. ஓர் அறையில் வங்கதேச மருத்துவர் ஒருவரும் செவிலி ஒருவரும். மற்றதில் மருந்து அலமாரியும் நானும். மாத்திரைகளை எண்ணிக் காகித உறையிலிட்டு, காலையில் உண்பதற்குச் சூரியனையும் இரவில் உண்பதற்குப் பிறையையும் உறைமேல் வரைந்து கொடுப்பது என் வேலை. இம்மக்களின் மொழி சிட்டகாங் வங்காளிக்கு நெருங்கியது. ஆயினும் எழுத்தறிந்தோர் குறைவு. ஆகையால் எழுதுவதினும் படம் போடுவதே பயன் தந்தது. எனக்குத் தெரிந்த கொல்கத்தா வங்காளி பாதி புரிந்தது. மீதியைப் புன்னகை நிரப்பியது. இரத்தக் கொதிப்பை அவர்களும் “பிரஷர்” என்றே சொன்னதைக் கேட்டு, நம் வீட்டுப் பாட்டிமாரை எண்ணிக்கொண்டேன்.

உண்மையான வைத்தியம் நடந்தது அந்த இரண்டு அறைகளில் அன்று. முகாம்களில் ரோஹிங்யா மக்களிலிருந்தே தேர்ந்து பயிற்றுவிக்கப்பட்ட சுகாதாரத் தொண்டர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உளர். முறையான சம்பளம் பெற அவர்களுக்கு உரிமையில்லை. சிறு உதவித்தொகையே உண்டு. எங்கள் நிலையத்தைச் சேர்ந்த தொண்டர்களுள் ஒருத்திக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். தோளில் துணிப்பை, அதற்குள் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் ஒரு பதிவேடும். என்னை அவள் “சாச்சா” என்பாள்; நான் அவளை “மா” என்பேன். வங்காளத்தில் மகளையும் அம்மா என்றழைக்கும் வழக்கம் நம் வழக்கம் போன்றதே.

சில நாட்களில் மாலைவரை அவளுடன் படியேறி இறங்கினேன். ஒரு குடிலில் கிழவர், தமக்குத் தந்த ஒரு மாதத்து மாத்திரையை மனைவியோடு பங்கிட்டு உண்டுவந்தார். அவளுக்கும் அதே நோய், ஆனால் படியிறங்கி வர முழங்கால் இடந்தரவில்லை. மற்றொரு குடிலில் ஒரு விதவை, தலைச்சுற்றல் நின்றுவிட்டதென்று மருந்தையும் நிறுத்தியிருந்தாள். அப்பெண் யாரையும் கடிந்து பேசியதில்லை. “நானீ, அரிசி தீர்ந்தால் மறுபடி வாங்குகிறோம் அல்லவா? இதுவும் அரிசி போல்தான்” என்பாள். கிழவரின் மனைவி பெயரும் மறுநாளே பதிவேட்டில் ஏறியது. ரமலான் நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. நோன்பிருக்கும் நீரிழிவு நோயாளி எந்த வேளை மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றவேண்டும், யார் நோன்பிருத்தல் ஆபத்து என்பவற்றை மருத்துவரிடம் கேட்டறிந்து, வீடுவீடாகச் சொல்லிவந்தாள். நான் சொல்லியிருந்தால் அந்நியன் மார்க்கத்திற் குறுக்கிடுகிறான் என்று எண்ணியிருப்பர். அவள் சொன்னபோது கேட்டார்கள்.

மார்ச் 5

அவ்வாண்டு மார்ச் முதல் நாளன்று, நிதிப் பற்றாக்குறையால், ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுப்படி 10 டாலராகக் குறைக்கப்பட்டது. ஜூனில் அது 8 டாலராயிற்று. முட்டையும் பருப்பும் காய்கறியும் குறைந்து, சோறு மட்டும் குறையாமலிருந்தால் நீரிழிவு நோயாளி என்ன ஆவார் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த நாட்களிலேயே வேறொரு துன்பம் வந்தது.

மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பக்கத்திலுள்ள 11ஆம் முகாமில் தீப்பற்றிற்று. மூங்கிலும் தார்ப்பாயும் எரிவதற்கு நேரம் வேண்டுமா? சில மணி நேரத்தில் 2,000க்கும் மேற்பட்ட குடில்கள் சாம்பலாயின. ஏறத்தாழ 12,000 பேர் வீடிழந்தனர். தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. வெளியிலிருந்து வந்த பணியாளர் யாவரும் மாலைக்குள் முகாமை விட்டு நீங்கிவிட வேண்டுமென்பது அங்குள்ள நடைமுறை. எங்களையும் வண்டியேற்றி அனுப்பிவிட்டனர். கண்ணாடி வழியே கரும்புகையைப் பார்த்தபடி நான் காக்ஸ் பஜார் திரும்பினேன்.

அந்தப் பெண்ணின் குடிலும் அம்முகாமில்தான் இருந்தது, எரிந்துபோயிற்று. தாயையும் தம்பியையும் பாதுகாப்பான இடத்தில் அமர்த்திய பின், அவளுக்கு ஒரு சிறுவனின் நினைவு வந்ததாம். பதினான்கு வயது, கணையம் இன்சுலினைச் சுரக்காத வகை நீரிழிவு, நாள்தோறும் ஊசி. இத்தகைய நோயாளிக்குச் சில நாள் இன்சுலின் நின்றாலே உயிருக்கு ஆபத்து. அவன் குடிலும் எரிந்தது, இன்சுலினும் எரிந்திருக்கும். எங்கள் பதிவேட்டில் அவன் பெயரும், முகாம் எண்ணும், எரிந்துபோன அந்தக் குடிலின் எண்ணும் மட்டுமே இருந்தன. அவனுடைய பெரியம்மா அடுத்த முகாமில் ஒரு கிணற்றடியில் வசிக்கிறாள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அப்பெண்ணின் நெஞ்சில் இருந்தது. இரவோடிரவாக அங்கே சென்று அவனைக் கண்டுபிடித்தாள். மறுநாட்காலை எங்கள் வண்டி நிலையத்தை அடைந்தபோது, இருவரும் படிக்கட்டில் அமர்ந்திருந்தனர். அவள் தோளில் அதே துணிப்பை. ஓரம் மட்டும் கருகியிருந்தது. அலமாரியிலிருந்த இன்சுலினை எடுத்துக் கொடுப்பது ஒன்றே எனக்கு எஞ்சிய வேலையாயிருந்தது.

அடுத்த சில நாட்கள் எரிந்த பகுதி நோயாளிகளை ஒவ்வொருவராகத் தேடிப் புதிய உறைகளும் புதிய அட்டைகளும் தந்தோம். தேடியவர்கள் தொண்டர்கள், எண்ணிக் கொடுத்தவன் நான்.

மண்பானையும் இன்சுலினும்

குளிர்ப்பெட்டி இல்லாத குடிலில் இன்சுலினை எப்படிக் காப்பது என்ற ஐயம் வாசகர்களுக்கு எழலாம். விடை நமக்குப் பழக்கமானதே. இரண்டு மண்பானைகளை ஒன்றனுள் ஒன்று வைத்து, இடையே ஈரமணலை நிரப்பி, உட்பானையில் மருந்தை வைத்தால், மண்ணிலிருந்து நீர் ஆவியாகும்போது உள்ளே தணுமை உண்டாகிறது. கோடையில் நம் வீட்டுத் திண்ணையில் பானைநீர் குளிர்ந்திருப்பதும் இதனாலேயே. கென்யாவின் தாகஹலே அகதி முகாமில் நிலவிய வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டு, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021இல் வெளியாயிற்று. வெப்பம் 25 முதல் 37 பாகை வரை மாறிமாறி இருந்தாலும், நான்கு வாரம் வரை இன்சுலின் தன் ஆற்றலை இழப்பதில்லை என்று அது நிறுவியது. இதனால் விளைந்த நன்மை பெரிது. நாள்தோறும் ஊசிக்காக மருத்துவமனைக்கு நடக்கவேண்டிய சிறுவன், மருந்தை வீட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகலாம்.

நாம் செய்யத்தக்கவை

ஆறு வாரத்தில் நான் கண்டு தெளிந்தது ஒன்று. காயத்துக்கு மருந்திட வெளியிலிருந்து வருபவர் போதும். காயம் ஆறும், அவரும் போகலாம். வாழ்நாள் முழுதும் தொடரும் நோய்க்கோ, போகாமல் இருப்பவர் வேண்டும். போய்விடக்கூடிய நம் போன்றோர் செய்யத்தக்க நற்பணி, இருப்பவருடைய கையை வலுப்படுத்துவதே. மருந்துக் கணக்கை ஒழுங்குபடுத்தி, எந்த மாத்திரை எந்த மாதம் தீரும் என்று முன்கூட்டி அறியும் முறையைத் தொண்டர் இருவருக்குக் கற்பித்தேன். நான் திரும்பிய பின்னும் அந்நோட்டுப் புத்தகம் நடந்துவருகிறது என்று அறிகிறேன். புகைப்படம் எடுக்கத்தக்க பணியன்று அது. ஆயினும் மாத்திரை ஒரு மாதம் தவறாமல் கிடைத்தால் ஒரு குடும்பத்தின் தலைவர் படுக்கையில் விழாமல் தப்புகிறார்.

தொண்டு செய்ய விழையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு மூன்று கருத்துகளைப் பணிவுடன் கூற விரும்புகிறேன்.

முதலாவது, வீட்டில் எஞ்சிய மாத்திரைகளைத் திரட்டி அனுப்புவது உதவியாகாது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு 4,000 டன் மருந்துகள் வந்து குவிந்தன. அவற்றுட் பல அம்மக்கள் அறியாத மொழியில் பெயர் எழுதப்பட்டவை; பல தேவையற்றவை; அவற்றை அழிப்பதே தனிச்செலவாயிற்று. நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டேனும் ஆயுள் உடையதாயிருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. மருந்தினும் பணமே மேல்.

இரண்டாவது, செல்ல விரும்புவோர் தமக்கு நன்கு தெரிந்த தொழிலோடு செல்லவேண்டும். கணக்கு, பண்டகசாலை, செவிலியர் பயிற்சி, கருவிகள் பழுதுபார்த்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அங்கே இடமுண்டு. ஓரிரு வாரம் போய்ப் பார்த்து வருவதால் பயன் சிறிது; அங்கிருப்போர் நமக்காகச் செலவிடும் நேரம் பெரிது.

மூன்றாவது, இப்பாடத்தை நம் வீட்டிலும் கடைப்பிடிக்கலாம். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவந்து தில்லியிலோ பம்பாயிலோ வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிற் பல. அவர்களுடைய மருந்துச் சீட்டு ஊரில். பழகிய வைத்தியர் ஊரில். இங்கே பேசும் மொழி வேறு. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, வீட்டை விட்டு வெளியேறிய முதியோர் பலர் தாம் உண்ணும் மாத்திரையின் பெயரறியாது தவித்தனர். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய ஒரு சீட்டையும், இரண்டு வார மாத்திரையையும் ஒரு சிறு பையிலிட்டு எப்போதும் ஆயத்தமாக வைப்பது நம் கையிலுள்ள எளிய காரியம்.

2025இல் வெளிநாட்டு உதவிகள் பெரிதும் சுருங்கியபோது, முகாம்களிலுள்ள மருத்துவ நிலையங்கள் பலவும் தம் பணிகளைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. அலமாரிகள் வெறுமையாகும்போது தொண்டர்களின் பை மட்டும் என்ன செய்யும்? மருந்தில்லாத பதிவேடு வெறும் பெயர்ப்பட்டியலே. தொண்டர்களின் நடை நிற்கவில்லை. அவர்கள் கொண்டுசெல்வதற்குரிய மாத்திரை நிற்காமற் பார்த்துக்கொள்வது தொலைவில் வாழும் நம்மால் இயலும். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை, நம்பத்தகுந்த மருத்துவ அமைப்பொன்றுக்கு, மறவாமல் அனுப்பிவரலாம். ஒருமுறை பெருந்தொகை தருவதினும் மாதந்தோறும் சிறுதொகை தருவதே இந்நோய்க்கு ஏற்ற உதவி. அந்நோயாளிகள் உண்ணவேண்டிய மாத்திரையும் அவ்வாறே நாள் தவறாது வேண்டுவதாயிற்றே.